ஐந்து தோழிகளும் ஒரு வாருங்கும்: வாசகர் கேள்வி பதில்

பாலித் தீவில் சனூர் என்ற கடற்கரை ஊரில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தேன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாப்பாட்டைப் பற்றியவை. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே விட்டுவிட்டேன். ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே குடும்பமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு 'வாருங்' என்று பெயர். காதில் விழும்போது நம் 'வாருங்கள்' பாதியில் நின்றது போல இருக்கும். உறவு எதுவும் இல்லாத சொல்தான், ஆனாலும் போன முதல் வாரத்தில் அந்தப் பலகைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

கோவை வாசகி: அக்கா, நாங்கள் ஐந்து பேர். கல்லூரி விடுதியில் ஒரே அறை. இருபது வருடம் கழித்து ஒன்றாகப் பாலி போகிறோம். இருவர் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஒருத்தி முஸ்லிம், ஹலால் இல்லாமல் சாப்பிட மாட்டாள். மற்ற இருவருக்கும் தடை எதுவும் இல்லை. பயண ஏஜென்ட் எல்லா இரவும் இந்திய ஹோட்டலிலேயே சாப்பாடு போட்டிருக்கிறார். உள்ளூர்க் கடையில் ஐந்து பேரும் ஒரே மேசையில் சாப்பிட வழியே இல்லையா?

இருக்கிறது. முதல் வேலையாக ஏஜென்டிடம் பேசி அந்த இரவுச் சாப்பாட்டில் பாதியையாவது எடுக்கச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்துச் சேர்கிறீர்கள், பாலியில் உட்கார்ந்து பனீர் பட்டர் மசாலா சாப்பிட வேண்டாம்.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது, எதையும் சாப்பிடும் இருவரிடமிருந்து தொடங்காதீர்கள். யாருக்குத் தடை அதிகமோ அவரிடமிருந்து தொடங்குங்கள். கியான்யாரில் ஒரு பாபி குலிங் கடையில் நம் ஊர்க் கூட்டம் ஒன்றைப் பார்த்தேன். பாபி குலிங் என்பது மசாலா அடைத்து, மஞ்சள் தடவி, கம்பியில் கோத்துச் சுட்ட பன்றி. தீவின் பெரிய பெருமை அது. ஆறு பேர் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழாவதாக ஒரு பெண், கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்து வெறும் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. உங்கள் இருவருக்கும் பாபி குலிங் ஆசை இருந்தால், ஒரு நாள் பதினோரு மணிக்கே இருவர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது பெரும்பாலும் பகல் சாப்பாடு, நல்ல கடைகளில் மதியம் தாண்டினால் தீர்ந்துவிடும்.

சைவத் தோழிகளுக்கு உண்மையான சிக்கல் கறி அல்ல, தெராசி. இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த கட்டி அது. பாலிச் சமையலின் அடிப்படை மசாலா 'பாசே கெனெப்'. முழுமையான மசாலா என்று பொருள். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பேரரத்தை, மஞ்சள், மிளகாய், மல்லி, மிளகு என்று நீளும் அந்தப் பட்டியலில் தெராசியும் உண்டு. காலையிலேயே மொத்தமாக அரைத்து வைத்துவிடுவார்கள். மதியம் போய் 'தெராசி இல்லாமல் கொடுங்கள்' என்றால் கடைக்காரம்மா என்ன செய்வார்? பொரியல் போலத் தெரியும் காய்கறியில்கூட அது ஏற்கெனவே கலந்திருக்கும். அதனால் கேட்ட பிறகு அரைத்துத் தரும் பண்டமாகப் பாருங்கள்.

அப்படி ஒன்று இருக்கிறது, பெயர் திப்பாத் சந்தோக். தென்னங்குருத்தில் பின்னிய கூட்டுக்குள் அரிசி போட்டு வேகவைத்த கட்டிச் சோற்றைத் துண்டு போடுவார்கள். அதன்மேல் வெந்த கீரை, முளைப்பயறு, பொரித்த தாஹு, அதாவது டோஃபு. கல்லில் வேர்க்கடலை, மிளகாய், பூண்டு, கச்சோலம், வெல்லம் வைத்து உங்கள் கண்முன்னே அரைத்து எல்லாவற்றையும் அதில் புரட்டித் தருவார்கள். அம்மி வேலை பார்த்த கைகளுக்கு அந்தச் சத்தமே பசியைக் கிளப்பும். அரைக்கத் தொடங்கும் முன் 'தன்பா தெராசி' என்று சொல்லிவிட வேண்டும். தன்பா என்றால் இல்லாமல். இதே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தாகிங் (இறைச்சி), ஆயாம் (கோழி), இக்கான் (மீன்), உடாங் (இறால்), தெலூர் (முட்டை) என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு வேண்டாம் என்று புரிந்துகொண்டு மீன் சாற்றை ஊற்றிவிட வாய்ப்புண்டு. அவர்கள்மேல் தப்பில்லை, அங்கே அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் எல்லை. சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய தெம்பே பொரித்துக் கேளுங்கள். அப்பளம் போல வருவதில் குருப்புக் என்பது பெரும்பாலும் இறால் சேர்ந்தது, எம்பிங் என்பது ஒரு மரத்துக் கொட்டையைத் தட்டிப் பொரித்தது. சைவத்துக்கு எம்பிங்தான். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: சின்ன வாருங்கில் வாணலி ஒன்றுதான். கோழி பொரித்த எண்ணெயில்தான் தாஹுவும் பொரியும். அது ஒத்துக்கொள்ளுமா என்பதை உங்கள் தோழிகள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அவர்களுக்காக முடிவு செய்யாதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உபூத் என்ற ஊரில் முழுச் சைவக் கடைகள் நிறைய உண்டு.

முஸ்லிம் தோழிக்கு வருவோம். 'ஆயாம் பெத்துத்து' என்று கோழியின் பெயர் போட்ட பலகையைப் பார்த்து மட்டும் உள்ளே போய்விடாதீர்கள். அதே கடையில் அதே கத்தியில் பன்றியும் வெட்டப்படலாம், கூட வைக்கும் லாவாரிலும் அது இருக்கலாம். காய், தேங்காய்ப்பூ, கொத்துக்கறி எல்லாம் கலந்து பிசைந்த பதார்த்தம் லாவார். சில வகையில் பச்சை ரத்தமும் சேரும். 'வாருங் முஸ்லிம்' என்றோ 'ஹலால்' என்றோ பலகை இருக்கும் கடைகள் தீவெங்கும் இருக்கின்றன. ஜாவாக்காரர்கள் நடத்துவது அதிகம். பாலிக்காரர்களிலும் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்களாக வாழும் ஊர்கள் உண்டு: வடக்கே பெகாயாமான், மேற்கே லோலோவான், கிழக்கே கம்புங் கெல்கெல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சொல்லை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலி இந்துக்கள் முஸ்லிம் அக்கம்பக்கத்தாரை 'ஞாமா செலாம்' என்பார்கள். ஞாமா என்றால் உடன்பிறப்பு. வீட்டு விசேஷத்துக்கு அவர்களை அழைத்தால் பன்றி கலக்காத சாப்பாடு தனியாகத் தயாராகும். என் வீட்டுக்கார அம்மா மகன் கல்யாணத்துக்கு முன்தினமே பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பெண்களை வரவழைத்து, அவர்கள் பாத்திரத்தில் அவர்களையே தனி அடுப்பில் சமைக்க வைத்தார். யாரும் அதைத் தொந்தரவாக நினைக்கவில்லை. ஆகவே உங்கள் ஐவர் மேசை பாலிக்குப் புதிதல்ல.

இப்போது நேரடியான வழி. சனூரில் பாசார் சிந்து என்ற சந்தை இருக்கிறது. சாயங்காலம் தள்ளுவண்டிக் கடைகள் வந்து இரவுச் சந்தையாகிவிடும். ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு பண்டம், உட்கார பொது மேசைகள். நான் வெள்ளிக்கிழமைதோறும் அங்கே நான்கு தோழிகளோடு போவேன். ஒருத்தி சுரபாயாக்காரி, ஹலால் வண்டியில் கோழி சாத்தே, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட கறி, வாங்குவாள். இன்னொருத்தி சைவம், அவளுக்குக் கடலைச் சாறு. நான் மீன். தட்டுகள் வேறு, மேசை ஒன்று, பேச்சு ஒன்று. உங்கள் முதல் இரவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: போன வருடம் நண்பர்கள் நான்கு பேர் கடற்கரையில் ஒரு கடையில் மீன் சாப்பிட்டோம். அட்டையில் போட்டிருந்த விலையைப் பார்த்துச் சந்தோஷமாக ஒரு பெரிய மீனைக் காட்டினோம். பில் வந்தபோது ஐந்தாறு மடங்கு. ஏமாற்றிவிட்டார்களா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அட்டையில் இருந்தது 'ஒன்ஸ்' விலையாக இருக்கும். இந்தோனேசியாவில் ஒரு ஒன்ஸ் என்றால் 100 கிராம். ஆறு நூறு கிராம் மீனுக்கு ஆறு மடங்குதானே வரும். ஆனால் அதை வாய்திறந்து சொல்லாமல் விட்ட கடையின்மேலும் எனக்கு வருத்தம்தான். ஜிம்பாரான் பக்கம் தேங்காய் மட்டை நெருப்பில் மீன் சுடும் கடைகளுக்குப் போகிறவர்கள் மூன்றைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்: விலை கிலோவுக்கா ஒன்ஸுக்கா, என் கண்முன்னே எடை போடுவீர்களா, சோறும் சம்பலும் அதில் சேர்ந்ததா. எடை போட்ட பிறகு மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தூத்துக்குடிக்காரருக்கு மீன் பேரம் பேச நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், மெனுவில் 25கே என்று இருந்தால் 25,000 ரூப்பியா. கொஞ்சம் பெரிய உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று சேவைக் கட்டணம், இன்னொன்று 10 சதவீத வரி. 4,00,000 ரூப்பியாவுக்குச் சாப்பிட்டால், சேவைக்கு 10 சதவீதம் சேர்ந்து 4,40,000, அதன்மேல் வரி சேர்ந்து 4,84,000. தெருவோர வாருங்கில் பெரும்பாலும் இந்தக் கூட்டலே இருக்காது.

சென்னை வாசகி: தேனிலவுக்குப் பிறகு இப்போது அலுவலகத் தோழிகளோடு இரண்டாம் முறை போய் வந்தேன். ஒரு வாருங்கில் ஆறு பேர் ஆறு தட்டு சொன்னோம். ஒருத்திக்குப் பத்து நிமிடத்தில் வந்தது, கடைசித் தட்டு முக்கால் மணி நேரம் கழித்து. முதல் ஆள் கைகழுவிய பிறகு கடைசி ஆள் சாப்பிடத் தொடங்கினாள். வாடிக்கையாளர்மேல் அக்கறையே இல்லையா?

அடுப்பு இரண்டு, சமைப்பவர் ஒருவர். எது முதலில் வெந்ததோ அதை ஆறிப்போகாமல் கொண்டுவந்து வைத்துவிடுவார். எல்லாத் தட்டையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் கொண்டுவருவது ஹோட்டல் வழக்கம், வீட்டு வழக்கமில்லை. கோபத்தை விட்டுவிடுங்கள், சொல்லும் முறையை மாற்றுங்கள். ஆளுக்கொரு தட்டு சொல்லாமல், ஆறு பேருக்கும் வெள்ளைச் சோறு, நடுவில் நான்கைந்து பதார்த்தம். எது முதலில் வந்தாலும் எல்லோருக்கும் ஒரு வாய் கிடைக்கும்.

அந்தத் தீவின் பழைய முறையும் இதுதான். கிழக்கே கராங்காசெம் வட்டாரத்தில் 'மெகிபுங்' என்றொரு வழக்கம். எட்டுப் பேர் வட்டமாகத் தரையில் உட்கார, நடுவில் ஒரே பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, எல்லோரும் அதிலிருந்தே கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். அந்த எட்டுப் பேருக்கு ஒரு 'செலா' என்று பெயர். கராங்காசெம் அரசர் 1692 வாக்கில் போர் வீரர்களை இப்படி உட்காரவைத்துத் தானும் சேர்ந்து சாப்பிட்டதில் தொடங்கியது என்று சொல்வார்கள். லாவாரையும் சாத்தேயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றின்மேல் வைத்துக்கொண்டே போக ஒரு மூத்தவர் இருப்பார். எடுத்த கவளத்தில் மீந்ததைத் திரும்பத் தாம்பாளத்தில் போடக் கூடாது. அடுத்தவர் பக்கத்துச் சோற்றில் கை நீட்டக் கூடாது. தனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துபோகவும் கூடாது, எட்டாவது ஆள் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்லாபுராவுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவில் நானும் ஒரு செலாவில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே எண்பது வயதுக்கு மேற்பட்ட பாட்டி ஒருவர். பல் இல்லை. மற்ற ஏழு பேரும் முடித்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். யாரும் அசையவில்லை, யாரும் அவர் கையையும் பார்க்கவில்லை. மழை வருமா, இந்தப் போகம் நெல் எப்படி என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். பாட்டி நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். உங்கள் அலுவலகத் தோழிகளில் கடைசித் தட்டு வந்தவரிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள்.

பினாங்கு வாசகி: சோற்றோடு பல பதார்த்தம் சேர்ந்த நாசி சம்புர் எங்கள் ஊரிலும் உண்டு. பாலி நாசி சம்புரில் அப்படி என்ன வேறு? சம்பல் மாத்தா செய்முறையும் வேண்டும்.

உங்கள் ஊரில் கண்ணாடிக்குப் பின்னால் முப்பது பாத்திரம் இருக்கும், நாம் கை காட்டுவோம். பாலி வாருங்கில் பெரும்பாலும் கடைக்காரரே தட்டைக் கட்டித் தருவார், அது அவருடைய கையெழுத்து மாதிரி. நடுவில் சோறு. சுற்றிலும் உதிர்த்த கோழி, பாதி முட்டை, தேங்காய்ப்பூ போட்ட உராப் காய்கறி, வறுத்த கடலை, ஒரு சாத்தே லிலிட். மீனையோ கோழியையோ தேங்காயும் மசாலாவும் சேர்த்து மசித்து, குச்சியில் அப்பிச் சுடுவது இந்த லிலிட். சுற்றுவது என்று பொருள். எலுமிச்சைப்புல் தண்டையே குச்சியாக வைக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள். மலேசியச் சமையலோடு ஒப்பிட்டால் பாலி மசாலாவில் கச்சோலத்தின் வாசனை தூக்கலாக நிற்கும். சம்பலும் வேறு. உங்கள் சம்பல் பெரும்பாலும் வதக்கியது, சம்பல் மாத்தா வதக்காதது. மாத்தா என்றாலே பச்சை.

பத்து சின்ன வெங்காயத்தை மெல்லிய வளையமாக நறுக்குங்கள். எலுமிச்சைப்புல் இரண்டு தண்டில் அடியிலுள்ள வெள்ளைப் பகுதியை மட்டும், நாக்கில் நார் தட்டாத அளவுக்கு மெல்லிசாக. காந்தாரி மிளகாய் ஐந்து. லீமாவ் இலை மூன்று, நடு நரம்பை எடுத்துவிட்டு நூல் போல. தமிழ்நாட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு அந்த இலை கிடைக்காவிட்டால் இளம் நாரத்தை இலை போடுங்கள், வேப்பிலைக்கட்டிக்கு இடிப்போமே அதேதான். உப்பு, நெருப்பில் சுட்ட தெராசி சுண்டைக்காய் அளவு, மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், அரை எலுமிச்சம்பழச் சாறு. கையால் பிசைய வேண்டும், கரண்டி வேண்டாம். விரல் பட்டு வெங்காயம் லேசாகத் துவளும்போதுதான் சாறு இறங்கும். சைவத்துக்குத் தெராசியை விட்டுவிட்டு உப்பைக் கூட்டினாலே நன்றாக இருக்கிறது. செய்த அரைமணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

சூடான சோறும் பொரித்த மீனும் போதும் இதற்கு. சனூரிலேயே மாக் பெங் என்றொரு வாருங் 1941 முதல் பொரித்த மீன், மீன் சூப், சோறு, சம்பல் என்ற ஒரே சாப்பாட்டை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறது. மெனுவைப் பார்த்து யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. பெரிய கூட்டமாகப் போகும்போது அது எவ்வளவு நிம்மதி!

மதுரை வாசகர்: கடை வாசலிலும் அடுப்பின் மேலும் பூவும் சோறும் வைத்திருக்கிறார்களே, மிதித்துவிட்டால் என்ன செய்வது? கையால் சாப்பிடலாமா?

வாசலில் இருப்பது சானாங் சாரி. ஓலைத் தட்டில் பூ வைத்து ஊதுபத்தி ஏற்றி அன்றாடம் வைக்கும் படையல். தெரியாமல் மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்டாலே போதும், ஆனால் ஊதுபத்தி புகையும் வரை தாண்டாமல் சுற்றிப் போங்கள். அடுப்பின் மேல் இருப்பது வேறு, அது சைபான். காலையில் சமைத்து முடித்ததும், வீட்டில் யாரும் வாய் வைக்கும் முன், வாழையிலைத் துணுக்கில் ஒரு பிடி சோறு வைத்து அடுப்புக்கும் கிணற்றுக்கும் வாசலுக்கும் படைப்பார்கள். காக்கைக்கு வைத்த பிறகே இலை போடும் வீட்டில் வளர்ந்தவள் நான். முதல் நாள் அதைப் பார்த்தபோது, பின்கட்டில் 'கா கா' என்று கூப்பிடும் என் ஆச்சியின் குரல் கேட்டது போல இருந்தது. கையால் தாராளமாகச் சாப்பிடலாம், வலது கையால். விரல் கழுவ எலுமிச்சைத் துண்டு மிதக்கும் கிண்ணம் சில கடைகளில் வரும், குடித்துவிடாதபடி பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

நாளையும் பார்த்துப் போங்கள். ஞெப்பி என்ற பாலிப் புத்தாண்டு மௌன நாளன்று தீவு முழுக்க அடைப்பு, வெளியே கால் வைக்கவே முடியாது. 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் திருவிழாவுக்கு முன்னும் பின்னும் பாலிக்காரர்கள் நடத்தும் வாருங்குகள் சில நாள் பூட்டியிருக்கும், எல்லோரும் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள்.

சேலம் வாசகி: இனிப்பு ஏதாவது உண்டா அக்கா? கிளம்பும்போது அவர்கள் மொழியில் என்ன சொல்ல?

லாக்லாக் கேளுங்கள். மண்சட்டிக் குழியில் அரிசிமாவை ஊற்றிச் சுட்டு, தேங்காய்ப்பூவும் வெல்லப்பாகும் போட்டுத் தருவார்கள். பணியாரமும் ஆப்பமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. கூடவே பாலிக் காப்பி. தூளை அப்படியே கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றியிருப்பார்கள், நாலைந்து நிமிடம் தூள் அடியில் படியட்டும், அதற்குள் கதை பேசுங்கள்.

கிளம்பும்போது 'சுக்ஸ்மா' என்றால் நன்றி. 'சுக்ஸ்மா மெவாலி' என்று பதில் வரும். கடைக்காரர் உங்களைவிடச் சின்னவரோ பெரியவரோ, ஆணை 'ப்ளி', பெண்ணை 'ம்போக்' என்று கூப்பிடுங்கள், அண்ணன், அக்கா. மறுநாள் அதே கடையைத் தாண்டி நடந்தால் 'சம்புன் ஙாஜெங்?' என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் 'டுருங்' என்று சொல்லுங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவார்கள்.